உட்கார வைத்து அளந்த இமை

மயிலாடும்பாறைக்கு மேற்கே வெறும் பாறையாகக் கிடந்த நிலத்தில் அறுபதடிக் கிணறு வெட்டியவன் நான். நீரோட்டம் பார்க்கிறவரே உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன இடம் அது. குமுளி மலைப்பாதையில் முதலில் பிறத்தியார் மாட்டை ஓட்டிக்கொண்டு ஏறினேன். பத்து வருஷத்தில் என் சொந்த வண்டிகள் முப்பது அதே பாதையில் ஏறின. தேனிச் சந்தையில் எந்த மரத்தடியில் தரகனாக நின்றேனோ, அதற்கு நேர் எதிரே பருத்திக் கிட்டங்கி கட்டினேன். பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டினேன். சுவர் இரண்டு தரம் இடிந்தது, மூன்றாம் தரம் நின்றது. பிறந்த ஊரில் ஐந்து அறையோடு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. மூட்டையில் போடும் குறியைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் பழகியவன். இதையும் நானேதான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் திருத்தியிருப்பார், விஷயம் என்னுடையது.

இதெல்லாம் ஊரறிந்தது. ஊர் சரியாக அறியாதது ஒன்று உண்டு. என் கண்ணிமை இரண்டையும் மதுரையில் அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தேனே, அந்த விவரம். வந்த நாளிலிருந்து போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். வலிக்குமா, வயசு குறைந்து தெரியுமா, நாமும் செய்துகொள்ளலாமா என்று. ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை. செய்துகொள் என்றும் நான் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். நான் எப்படி முடிவுக்கு வந்தேன் என்று எழுதிவிடுகிறேன். அவரவர் கண்ணை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

இருபது வயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது. நோவு இல்லை, சிவப்பு இல்லை. புருவத்துக்குக் கீழே உள்ள தோல் தளர்ந்து, மடிந்து, இமைமுடி மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. கொடியில் போட்ட ஈரவேட்டி நடுவில் தொய்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் நான் விழித்துக்கொண்டிருக்கிறேனா தூங்குகிறேனா என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. சந்தையில் எனக்குத் தூங்குமூஞ்சித் தரகர் என்று பேர் விழுந்தது.

அந்தப் பேரில் எனக்கு வருத்தம் இல்லை. லாபம்தான். எங்கள் சந்தையில் மாட்டுக்கு விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். எத்தனை விரலைப் பிடிக்கிறான், விரலின் எந்தக் கணுவை அழுத்துகிறான் என்பதில்தான் விலை. உள்ளங்கையைப் பொத்தி மூடிவிட்டால் பேச்சு முடிந்தது. சுற்றி நிற்கிற நூறு பேருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கை மறைந்திருந்தாலும் கண் வெளியேதான் இருக்கிறது. கெட்டிக்காரத் தரகன் எதிராளியின் விரலைப் பிடித்துக்கொண்டு அவன் கண்ணைப் பார்ப்பான். ஆசைப்பட்டால் கண் விரியும், கசந்தால் சுருங்கும். என்னிடம் அந்தப் பார்வை பலிக்காது. கடவுள் எனக்குக் கண்ணுக்கும் ஒரு துண்டு போட்டுக் கொடுத்திருந்தார்.

அப்படி இருந்தவன் மதுரைக்குப் போனது ஒரு போட்டோவால்.

பள்ளிக்கூடத்தில் என் படத்தை மாட்ட வேண்டும் என்று ஊரில் முடிவு செய்தார்கள். மதுரையிலிருந்து போட்டோக்காரர் வந்தார். மூன்று தரம் எடுத்தார். மூன்றிலும் நான் கோட்டுப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியர் மரியாதை தெரிந்தவர். கண்ணைத் திறந்த மாதிரி வர்ணக்காரரை விட்டு எழுதிவிடலாம் என்றார். யாரோ ஒருத்தன் கண்ணை என் மூஞ்சியில் எழுதி மாட்டவா கல் சுமந்து கட்டினோம் என்று எனக்கு மனசு ஆறவில்லை.

உத்தமபாளையம் மீரான் ராவுத்தர் அப்போது கூட இருந்தார். தோல் வியாபாரம், மாடும் பிடிப்பார். முப்பது வருஷப் பழக்கம். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாலையை மட்டும் போட்டுறாதீக. நெசமாவே போயிட்டான்னு நெனச்சுருவாக” என்றார்.

அந்த வாரமே ரயில் ஏறினேன். அப்போது போடி ரயில் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. என் சம்சாரம் சீனியம்மாள் கூட வந்தாள். கிளம்புவதற்கு முன் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள்விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். சனிக்கிழமை மட்டும் கத்தி வைக்க விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிப் பேரை நான் எழுதவில்லை. டாக்டர் வேண்டாம் என்றார். டாக்டர் மலையாளி, கோட்டயம் பக்கம். எனக்கு அது தோதாகப் போயிற்று, ஏனென்றால் மாடு ஓட்டிய காலத்தில் நான் மலையாளம் பேசப் பழகியவன். பிறகுதான் தெரிந்தது, என் மலையாளம் மாட்டுக்கு மட்டும்தான் ஆகும் என்று. பல்லு எத்தனை, பால் எத்தனை, உதைக்குமா என்று கேட்கத் தெரியும். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாது. நல்லவேளை, அவருக்குத் தமிழ் நன்றாக வந்தது. என்னைக் காரணவரே என்று கூப்பிட்டார். அவர்கள் சீமையில் குடும்பத்துக்குப் பெரியவரை அப்படித்தான் சொல்வார்கள். முதல் வார்த்தையிலேயே ஆளை எடைபோட்டுவிட்டார்.

முதல் நாள் முழுக்க பெஞ்சுதான். கண்ணில் கட்டுப் போட்டவர்கள், பச்சைத்துணி தொங்கவிட்டவர்கள், கையைப் பிடித்துக் கூட்டிவரப்பட்டவர்கள். அவர்களுக்கு நடுவில் போட்டோவுக்காக வந்தவன் நான் ஒருத்தன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு என்ன வியாதி என்று கேட்டபோது, தலைவலி என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் வெட்கப்பட்டுப் பொய் சொன்னது அந்த ஒரு தரம்தான்.

பார்வை பார்க்கிற அறையில் சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. எழுத்து வரிவரியாகச் சிறுத்துக்கொண்டே போகும். எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். பத்துப் பேர் முன்னால் திக்கித் திக்கிப் படிப்பதா? எனக்கு முன்னால் போனவர் வாசிக்கும்போதே காதில் வாங்கிக்கொண்டேன். நூறு மாட்டுக்கு விலை மனசில் வைத்துக்கொள்கிறவனுக்கு நாலு வரி பெரிதா? என் முறை வந்ததும் கடகடவென்று கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தேன்.

கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. “காரணவரே, பலகையில இப்ப எழுத்தே இல்ல. படிக்கத் தெரியாதவங்களுக்கு வச்சிருக்கிற குறி இருக்கு. முந்தியவர் போனதும் உங்க கண்ணு முன்னாடிதானே திருப்பி மாட்டினாங்க. நீங்க பாக்கலையா?”

நான் பார்க்கவில்லை. பலகை என் தலைக்கு மேலே இருந்தது. தலைக்கு மேலே நடப்பது எதையும் நான் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கே உறைத்தது.

அதன்பின் டாக்டர் வேறு மாதிரி சோதித்தார். தாடையை ஒரு கட்டையில் வைத்து, தலையை அசைக்காமல் நேரே பார்க்கச் சொன்னார். மெழுகுவர்த்தியை உச்சந்தலைப் பக்கமிருந்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். தெரிந்ததும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தபோது வர்த்தி கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்திருந்தது. அப்புறம் பிளாஸ்திரியில் இரண்டு துண்டு வெட்டி, இமை மடிப்பைத் தூக்கிப் புருவத்தோடு ஒட்டிவிட்டு மறுபடி கொண்டுவந்தார். இந்தத் தரம் நெற்றிக்கு மேலேயே தெரிந்துவிட்டது. விட்டத்தில் ஒரு பல்லி இருந்தது. அதையும் சொன்னேன்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கேட்டு வருகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். பார்வைக்காக என்றால் பருத்திக்கொட்டை நீளத்துக்குத் தோலை எடுத்தால் போதும். போட்டோவில் இளந்தாரியாகத் தெரிய வேண்டும் என்றால் அதைவிட நிறைய எடுக்க வேண்டும். நிறைய எடுத்தால் கண் முழுசாக மூடாமல் போகலாம். மூடாத கண் காய்ந்துபோகும், காய்ந்த கண் புண்ணாகும், புண்ணான கண்ணில் பார்வை போகும். ஒரு கண் ஏறி ஒரு கண் இறங்கியும் நிற்கலாம், தழும்பு விழலாம். இத்தனையும் சொல்லிவிட்டுக் கேட்டார்:

“பாக்கறதுக்காக வந்தீங்களா, மத்தவங்க பாக்கறதுக்காக வந்தீங்களா?”

ரயில் ஏறும்போது கேட்டிருந்தால் பளிச்சென்று சொல்லியிருப்பேன்.

“மூணு நாள் இந்தப் பிளாஸ்திரியோட இங்கேயே இருங்க. பகல்ல ஒட்டிக்கோங்க, தூங்கறப்ப எடுத்துருங்க. பிடிச்சா அறுப்போம். பிடிக்கலன்னா பிச்சுப் போட்டுட்டு ஊருக்குப் போங்க. பிளாஸ்திரியைப் பிக்கலாம், அறுத்த தோலை ஒட்ட முடியாது” என்றார்.

இந்த யோசனைக்கு அவருக்கு நான் முழு மார்க்குக் கொடுப்பேன். இமை அறுக்க நினைக்கிற ஒவ்வொருவரும் முதலில் மூன்று நாள் ஒட்டிப் பார்க்க வேண்டும். அந்த மூன்று நாளில் மற்ற சோதனைகளும் நடந்தன. சிறுநீரை நீலத் தண்ணியில் ஊற்றிக் காய்ச்சினார்கள். செங்கல் நிறமானால் சர்க்கரை வியாதி, அறுத்த புண் ஆறாது. என்னுடையது நீலமாகவே இருந்தது. மை ஒற்றுகிற தாளை மெல்லிசாக வெட்டிக் கீழ் இமையில் செருகி, கண்ணில் ஈரம் எவ்வளவு ஊறுகிறது என்று பார்த்தார்கள். தாள் நன்றாக நனைந்தது. அழுது பழக்கம் இல்லாதவனுக்குச் சேமிப்பு அதிகம் என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன். அந்த நர்ஸம்மாவும் மலையாளிதான்.

மறுநாள் காலை சீனியம்மாள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தெரிந்தவர் வீட்டில் தங்கி, அங்கேயே அடுப்பு மூட்டிக் காய்ச்சிக்கொண்டு வருவாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் கிண்ணத்தை நீட்டியவள் நீட்டியபடியே நின்றாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“எதுக்கு அப்படிப் பாக்குறீக?”

“எப்படிப் பாக்குறேன்?”

“நேராப் பாக்குறீகளே.”

எனக்கு விளங்கவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். “ரொம்ப வருசமா என்னைய மூக்கு வழியாத்தான பாத்தீக. தலையப் பொறத்தால சாச்சுக்கிட்டு, மோவாயத் தூக்கிக்கிட்டு. பணம் வரவும் திமிரு வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். கண்ணு தெரியாமத்தான் அப்படிப் பாத்தீகளா?”

உண்மை அதுதான். இமைக்கு அடியில் இருக்கிற சந்து வழியாகப் பார்க்க வேண்டுமென்றால் மோவாயைத் தூக்கத்தான் வேண்டும். எனக்கு அது பழகிப்போய், செய்கிறேன் என்றே தெரியவில்லை. சந்தையிலும் கிட்டங்கியிலும் எல்லோரும் என்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று சொன்னதில் பாதி இந்த இமையால் வந்தது. மீதிப் பாதிக்கு நான் பொறுப்பு.

அவள் முகத்தை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே, மயிர் வகிட்டுக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. வெளுத்துப் பழசாகிப் போன தழும்பு. இது எப்போது என்று கேட்டேன்.

“நம்ம கெணறு வெட்டயில வேட்டு வச்சாகல்ல, கல்லு தெறிச்சது. கூடையில கல்லுச் சொமந்துக்கிட்டு நின்னேன். ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

கஞ்சி ஆறிவிட்டது என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். அந்தக் கஞ்சியில் உப்புக் குறைவு, நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ராவுத்தர் தோல் ஏற்றிய லாரியில் மதுரைக்கு வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். சோளப்பொரியும் வாழைப்பழமும் வாங்கி வந்திருந்தார். என் முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டு, “கையக் குடு மாப்ள” என்றார்.

இல்லாத மாட்டுக்கு விலை பேசினோம். காங்கேயம் ஜோடி, நாலு பல்லு என்று வைத்துக்கொண்டோம். நான் விற்கிறவன், அவர் வாங்குகிறவர். வார்டில் இருந்தவர்கள் எல்லாம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். முப்பது வருஷத்தில் துண்டுக்கு அடியில் ராவுத்தரிடம் நான் தோற்றதில்லை. அன்றைக்கு ஐந்து நிமிஷத்தில் தோற்றேன். எந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்று மனசில் கோடு போட்டிருந்தேனோ, சரியாக அந்தக் கோட்டில் வந்து என் உள்ளங்கையைப் பொத்தினார்.

“ஒன் கண்ணுல எழுதி ஒட்டியிருந்துச்சு” என்றார். “கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுப் பொய் சொல்ல ஒனக்கு வரல மாப்ள. பழக்கமில்லாமப் போச்சு. பிளாஸ்திரியப் பிச்சுட்டு வண்டியில ஏறு.”

அவர் போனபிறகு தாழ்வாரத்தில் போய் நின்றேன். விளையாட்டாகச் சொன்னாலும் அவர் சொன்னது நியாயம். என் தொழில் துண்டிலும் இமையிலும் நின்றது. கிணறு, வண்டி, கிட்டங்கி எல்லாம் அதில் வந்தவை. அதைப் போய் அறுத்துவிட்டுச் சந்தையில் வெறுங்கண்ணோடு நிற்பதா? அறுக்கிற இடத்தில் ஒன்று கூடக்குறைய ஆகிவிட்டால், உள்ள பார்வையையும் விட்டுவிட்டு வீட்டு மூலையில் உட்காருவதா? ஒரு போட்டோவுக்காகவா?

அப்போது ஒரு கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இதை டாக்டர் கேட்கவில்லை. என் சொந்தச் சரக்கு. உலகத்தில் ஒரு ஆள்கூட இனி என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டால், இதைச் செய்துகொள்வேனா? போட்டோவை எடுத்துத் தள்ளி வைத்தேன். தலைமை ஆசிரியரை, சந்தையை, தூங்குமூஞ்சி என்ற பேரைத் தள்ளி வைத்தேன். மிச்சம் நின்றது அந்தப் பல்லியும், புருவத்துக்கு மேலே இருந்த தழும்பும்தான். பக்கத்திலேயே இருந்தும் இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்தவை. இன்னும் என்னவெல்லாம் இருக்கிறதோ.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பார்க்கிறதுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுங்கள், போட்டோவுக்கு ஒரு நூல்கூட வேண்டாம் என்று. அவர் தலையாட்டினார். சீனியம்மாள் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “கண்ணு மூடுமா சாமி? தூங்கயில மூடுமா?” மூடும் என்றார். கிழமை என்ன என்று கேட்டாள். வியாழன் என்றார். சரி என்றாள்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள், இதற்காகத்தான் இந்தக் காகிதமே.

வியாழக்கிழமை காலை என்னை மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். டாக்டர் ஊதா மையில் குச்சியைத் தோய்த்து, அறுக்க வேண்டிய அளவை இமையில் கோடு போட்டார். ஒரு கண் முடிந்தது. இரண்டாம் கண்ணுக்குக் குச்சியைக் கொண்டுவரும்போது நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“டாக்டரய்யா, படுக்க வச்சு அளக்காதீக.”

“ஏன்?”

“பஞ்சு மூட்டையப் படுக்க வச்சா ஒரு சுத்தளவு, நிறுத்தி வச்சா ஒரு சுத்தளவு. நிறுத்துனாத்தான் பஞ்சு எங்கன எறங்குதுன்னு தெரியும். படுத்தா என் தோலு காதுப்பக்கம் ஓடிருதுல்ல. நான் சந்தையில படுத்துக்கிட்டா மாடு பாக்கப் போறேன்?”

கம்பவுண்டர் என்னை அதட்ட வாயெடுத்தார். டாக்டர் அவரைக் கையமர்த்தினார். பிறகு என்னைத் தூக்கி உட்கார வைக்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் திருப்பி, நேராகப் பார்க்கச் சொல்லி, முதல் கோட்டுக்கு மேலேயே இரண்டாம் கோடு போட்டார். கண்ணாடியைக் கொண்டுவந்து எனக்கும் காட்டினார். இரண்டு கோடும் ஒன்றல்ல. நடுக்கண்ணில் முதல் கோடு கூடுதலாக இருந்தது, கடைக்கண் பக்கம் குறைவாக இருந்தது. “முதல் கோட்டுல அறுத்திருந்தா நடுவுல இழுத்துப் பிடிச்சிருக்கும்” என்று அவரே சொன்னார். பெரிய மனுஷன். முதல் கோட்டைச் சாராயத்தில் துடைத்தார்.

மரத்துப்போகிற ஊசியை இமையிலேயே போட்டார்கள். வலி அதில்தான், எறும்பு கூட்டமாகக் கடித்த மாதிரி. அதன்பின் இழுபடுவது தெரியும், வலி தெரியாது. பேசினால் நெற்றி அசையும் என்று வாயைத் திறக்கக்கூடாது என்றார்கள். அதற்கும் நான் ஏற்பாடு செய்திருந்தேன். முந்தின நாளே நர்ஸம்மாவுக்குச் சந்தைக் கைப்பேச்சைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஒரு விரலைப் பிடித்தால் வலிக்கிறது, இரண்டைப் பிடித்தால் தண்ணீர் வேண்டும், உள்ளங்கையைப் பொத்தினால் போதும், முடிந்தது. முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள், போர்வைக்கு அடியில் என் கையில் அந்த அம்மாளின் கை.

ஒரு கண் முடிந்தது, மறு கண்ணும் அறுத்தாயிற்று. தைப்பதற்கு முன் என்னை நிமிர்த்தி உட்கார வைத்து மூடித் திறக்கச் சொன்னார்கள். மூடியது, திறந்தது. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நல்லா வந்திருக்கு காரணவரே. இன்னும் ஒரு இழை எடுத்தா மடிப்பே தெரியாது. போட்டோவுக்குப் பிரமாதமா இருக்கும். எடுத்துரட்டுமா?”

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் இளந்தாரியாக உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று. பிறகு அந்த அம்மாளின் கையைத் தேடிப் பிடித்து உள்ளங்கையைப் பொத்தினேன்.

“சாரே, கச்சவடம் கழிஞ்ஞு” என்றாள் அவள். வியாபாரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மலையாளம் எனக்குத் தெரியும்.

எடுத்த தோலைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். இரண்டு மெல்லிய கீற்று. பின்னால் ராவுத்தரிடம் சொன்னபோது, “பெறை தெரிஞ்சுருச்சு, நாளைக்குப் பெருநாள்தான் போ” என்றார்.

இரண்டு நாள் இரண்டு கண்ணிலும் கட்டு. அந்த இரண்டு நாளும் சீனியம்மாள் ஊட்டித்தான் சாப்பிட்டேன். போரிக் தண்ணியில் துணி நனைத்து மாற்றி மாற்றி வைத்தாள். கட்டை அவிழ்த்தபோது கண் இரண்டும் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கறுத்திருந்தது. ஐந்தாம் நாள் தையலைப் பிரித்தார்கள், பட்டு நூல். அதன்பின்னும் ஒரு பயம் மிச்சமிருந்தது. தூங்கும்போது இடது கண்ணில் வெள்ளை ஒரு கோடு தெரிகிறது என்று சீனியம்மாள் டாக்டரிடம் சொன்னாள். வீக்கம் வற்றினால் மூடிவிடும் என்றார். அவள் நம்பவில்லை. விளக்கெண்ணெய் ஒரு சொட்டுக் கண்ணில் விட்டுவிட்டு, நான் தூங்கியதும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். பத்தாம் நாள் காலையில் நான் எழுந்தபோது அவள் உட்கார்ந்தபடியே அயர்ந்திருந்தாள். எழுப்பியதும், “மூடிருச்சு” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே ஊருக்குக் கிளம்பினோம். குச்சனூருக்குப் போய் எள்சோறு காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் வீடு சேர்ந்தோம்.

சந்தையில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போன முதல் வாரமே ராவுத்தர் துண்டோடு வந்தார். இந்தத் தரம் நிஜ மாடு, விற்கிறவர் அவர். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே விரலைப் பிடித்தார். நானும் அவர் கண்ணைப் பார்த்தேன். அதுவரைக்கும் நான் விரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன், எதிராளியின் முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்க முடிந்ததில்லை. ராவுத்தர் விலையைக் கூட்டிச் சொல்லும்போது அவருடைய வலது மூக்கு ஓரம் லேசாகத் துடிக்கிறது. முப்பது வருஷமாகத் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் நினைத்த விலைக்கே மாடு வந்தது. எதைப் பார்த்துப் பிடித்தேன் என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நான்காம் தரமாகப் போட்டோ எடுத்தார்கள். இளந்தாரியாக இல்லை, ஐம்பத்திரண்டு வயது ஆள்தான் இருக்கிறான், ஆனால் முழித்திருக்கிறான். பார்வை மட்டும் பெட்டிக்கு நேரே இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் போயிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள் யாரைப் பார்க்கிறார் என்று கேட்கிறார்கள். போட்டோக்காரருக்குப் பக்கத்தில் சீனியம்மாள் நின்றிருந்தாள்.

இப்போது கடைசி விஷயம். டாக்டர் இப்போதெல்லாம் இமை அறுக்க வருகிற எல்லோரையும் உட்கார வைத்துத்தான் கோடு போடுகிறாராம். நம்ம ஊரிலிருந்து போய்வந்த இரண்டு பேர் சொன்னார்கள். கூட இருந்து படிக்கிறவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறாராம். அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்வதில்லையாம்.

இந்தக் காகிதத்தின் முதல் வரியில் கிணறு வெட்டியவன் நான் என்று எழுதினேன். தலைமை ஆசிரியர் அதை அப்படியே விட்டிருப்பார். பக்கத்தில் இதையும் சேர்த்துப் படியுங்கள்: கல் சுமந்தது சீனியம்மாள். நான் சொல்லிவிட்டேன். அதுபோல டாக்டரும் சொல்ல வேண்டும். அறுத்தது அவர் கை, தைத்தது அவர் கை, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த தரம் ஊதா மையில் குச்சியைத் தோய்க்கும்போது, பக்கத்தில் நிற்கிறவர்களிடம் வாய் திறந்து சொல்லட்டும்: உட்கார வைத்து அளக்கச் சொன்னது தேனிச் சந்தை மாட்டுத் தரகன்.